சட்டகத்துக்குள் ஊரும் வேண்டும்

சேலத்திலிருந்து வடக்கே பார்த்தால் துருவ நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேல் சுமார் 12 பாகை உயரத்தில்தான் தெரியும். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு உயரத்தில்தான் அந்த நட்சத்திரம் அங்கே நிற்கும். அதே வடக்கில்தான் சேர்வராயன் மலையும் இருக்கிறது. சமவெளியைவிட 1000 மீட்டர் உயர்ந்த ஒரு முகட்டை 10 கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அது வானத்தில் சுமார் 6 பாகையை மறைக்கும். 5 கிலோமீட்டருக்கு நெருங்கினால் 11 பாகை மறையும். அப்போது துருவ நட்சத்திரம் முகட்டின்மேல் வந்து உட்கார்ந்துவிடும். இன்னும் கொஞ்சம் அடிவாரத்தை நோக்கிப் போனால் அது மலைக்குப் பின்னால் போய்விடும்.

நட்சத்திரங்கள் வட்டமாகச் சுழலும் தடத்தைப் படமெடுக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். லடாக்கின் ஹன்லேயில் துருவ நட்சத்திரம் 33 பாகை உயரத்தில் இருக்கிறது. பெரிய வட்டங்கள்கூட அங்கே நிலத்தைத் தொடாமல் முழுசாகச் சுழலும். சேலத்தில் அந்த வட்டங்களின் கீழ்ப்பாதியை மலை வெட்டிவிடும். எங்கே வெட்டும், எவ்வளவு வெட்டும் என்பதை எடுப்பவர் நிற்கும் வயல்வரப்பு முடிவுசெய்கிறது. வானம் எல்லோருக்கும் பொது என்றாலும் ஓர் ஊரிலிருந்து எடுத்த வானத்தை இன்னோர் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

காட்டுயிர்ப் படங்களிலும் இரவு வானப் படங்களிலும் சுற்றுப்புறத்தைச் சேர்த்து எடுக்க வேண்டும் என்பதை அழகியல் ஆலோசனையாகத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். முன்னால் ஒரு மரம் இருந்தால் படம் நன்றாக இருக்கும், ஒரு பாறை இருந்தால் ஆழம் தெரியும் என்ற அளவோடு பேச்சு நின்றுவிடுகிறது. சேலம், நாமக்கல் சமவெளியைப் பொறுத்தவரை அது போதாது. இங்கே ஆனைமலை போலவோ முதுமலை போலவோ எல்லைபோட்டுப் பிரித்த பெருங்காடு கிடையாது. இங்குள்ள உயிர்கள் மனிதர்களுக்கு நடுவேதான் வாழ்கின்றன: ஏரிக்கரையில், குச்சிக்கிழங்குக் காட்டில், பனைவரிசையில், தூர்ந்த கிணற்றில், பாதி உடைத்த கரட்டில், கோழிப்பண்ணைக் கொட்டகையின் ஓரத்தில். அந்த இடத்தை நீக்கிவிட்டுப் பறவையை மட்டும் எடுத்தால் அது எந்த ஊர்ப் பறவையாகவும் இருக்கலாம். அப்படி எடுத்த படத்தில் அழகு இருக்கும், சாட்சியம் இருக்காது.

சுற்றுப்புறம் படத்திலிருந்து எப்படி மறைகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முழுச்சட்டக சென்சார் உள்ள கேமராவில் 500 மி.மீ. லென்ஸைப் பூட்டி, எஃப் 5.6 துளையில், 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் பனங்காடையை எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 13 சென்டிமீட்டர். பறவையின் உடம்புக்கே அது சரியாகிவிடும். பின்னால் இருக்கும் நிலக்கடலைக் காடும் மின்கம்பமும் தூரத்து மலையும் கரைந்து பச்சைப் பூச்சாகிவிடும். அதே கேமராவில் 100 மி.மீ. லென்ஸை வைத்து, எஃப் 11 துளையில், 20 மீட்டர் தொலைவில் குவித்தால் 12 மீட்டரிலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். பறவை சிறுத்துவிடும், ஆனால் அது உட்கார்ந்திருக்கும் கம்பி தெரியும், கம்பிக்குக் கீழே எந்த வெள்ளாமை என்பது தெரியும், அறுப்பு முடிந்ததா இல்லையா என்பதும் தெரியும். பனங்காடை திறந்த வெளியைக் கண்காணித்து, தரையில் ஊரும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும் பறவை. அதற்கு உயரமான இருக்கை வேண்டும். முன்பு பட்ட மரமோ பனைமட்டையோ அந்த இருக்கையாக இருந்தது. இப்போது மின்கம்பியும் சேர்ந்துகொண்டது. அந்தக் கம்பி படத்தைக் கெடுக்கிறது என்று ஒதுக்குகிறவர்கள் அந்தப் பறவையின் இன்றைய வாழ்க்கையிலிருந்து ஒரு பகுதியை ஒதுக்குகிறார்கள்.

கைப்பேசித் திரையில் பார்க்கிறவர்களுக்குச் சட்டகத்தில் இருபதில் ஒரு பங்காக நிற்கும் பறவை கண்ணுக்கே படாது என்பது உண்மைதான். நெருக்கப் படங்கள் பெருகியதற்கு லென்ஸ் மட்டும் காரணமல்ல, திரையும் ஒரு காரணம். அதற்காகப் பறவையைப் பெரிதாக்கிக்கொண்டே போவதைவிட, பெரிய அச்சில், கண்காட்சிச் சுவரில், பள்ளிக்கூட வகுப்பறையில் பார்க்கத்தக்க படங்களையும் எடுத்து வைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

தமிழ்நாட்டில் இந்த வழிக்கு முன்னோடி மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன்; 1912-இல் பிறந்தவர். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996-இல் மறையும்வரை இயற்கை பற்றிய பத்தியை எழுதியவர். பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தனக்கென ஒரு கேமராவை அமைத்துக்கொண்டு அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த சூழலியல் கணக்கெடுப்பை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-இல் நூலாக வெளியிட்டது. அவருக்குப் படமும் களக்குறிப்பும் ஒரே வேலையின் இரண்டு கைகள். யானை எந்தப் புல்லில் நிற்கிறது, எந்த மரத்தடியில் நிற்கிறது என்பது அந்த வேலையில் தள்ளிவிடக்கூடிய செய்தி அல்ல. இன்று கருவி எவ்வளவோ முன்னேறிவிட்டது. அந்தக் களக்குறிப்புப் பார்வையும் அதே அளவுக்கு வளர்ந்திருக்கிறது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நம் சமவெளியில் அந்தப் பார்வைக்கு வேலை நிறைய இருக்கிறது. பனை உழவாரன் தன் சின்னக் கூட்டைப் பனையோலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் ஒட்டிக் கட்டுகிறது. அதை வானத்தில் பறக்கும் பிறையாக எடுத்தால் வேகம் தெரியும். பனையோடு சேர்த்து எடுத்தால்தான் பனை வெட்டுண்டால் அந்தப் பறவைக்கு என்ன ஆகும் என்பது விளங்கும். கொம்பன் ஆந்தை பாறைக் கரடுகளிலும் கைவிடப்பட்ட கல்குவாரிகளிலும் பகலைக் கழிக்கும். அதன் ஆரஞ்சுக் கண்களை மட்டும் சட்டகம் முழுக்க நிரப்பிய படங்கள் எத்தனையோ வந்துவிட்டன. வெட்டிய பாறைச் சுவரின் நேர்க்கோடுகளும் அடியில் தேங்கிய தண்ணீரும் ஒரு பிளவில் ஆந்தையுமாக எடுத்த படத்தில் கரட்டின் கதையும் இருக்கும். சேலம் மூக்கனேரியை மக்கள் முயற்சியில் தூர்வாரி, நடுவே மண்திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். அங்கே நீர்க்காகம் சிறகு உலர்த்துவதை எடுக்கிறவர்கள் அந்தத் திட்டையும், அதற்குப் பின்னால் நெருங்கி நிற்கும் வீடுகளையும் விட்டுவிடக் கூடாது. திருமணிமுத்தாற்றில் சாயக்கழிவும் ஆலைக்கழிவும் கலந்து நுரைத்த நீரில் நெடுங்கால் உள்ளான்கள் இரை பொறுக்கும். அந்த நுரை படத்தில் வர வேண்டும். நுரையை மங்கலாக்கி, பறவையின் சிவந்த கால்களை மட்டும் காட்டுவது பொய் என்று சொல்லுமளவுக்கு எனக்கு இதில் கண்டிப்பு உண்டு.

உலக அளவில் நடுவர்களின் கண்ணும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் 2016-இல் நகர்ப்புறப் பிரிவில் வென்றவர் மும்பையின் நயன் கானோல்கர். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய குடியிருப்பில், வீடுகளுக்கு இடையே உள்ள சந்தில், இரவில் நடந்துவரும் சிறுத்தைதான் படம். சந்தை நீக்கினால் அந்தப் படத்துக்கு உயிரே இல்லை.

அதே போட்டியில் சுற்றுச்சூழலில் விலங்குகள் என்ற பிரிவில் 2017-இல் பரிசு பெற்ற படம் வேறு பாடத்தைச் சொல்கிறது. பிரேசிலின் எமாஸ் தேசியப் பூங்காவில் மார்சியோ கப்ரால் எடுத்தது. வண்டின் இளம்புழுக்கள் பச்சையாக ஒளிவிடும் ஒரு கறையான் புற்று. மேலே நட்சத்திரங்கள் நிறைந்த வானம். புற்றை நாடி வரும் பெரிய எறும்புத்தின்னி. உயிரும் நிலமும் இரவு வானமும் ஒரே சட்டகத்தில் இவ்வளவு பொருந்தி வந்த படம் அபூர்வம். 2018 ஏப்ரலில் அருங்காட்சியகம் அந்தப் பரிசைப் பறித்தது. பூங்காவின் பார்வையாளர் மையத்தில் வைத்திருந்த பாடம்செய்த எறும்புத்தின்னியின் ரோமக் கோலமும் படத்தில் இருந்ததும் ஒன்று என்று நிபுணர்கள் ஒப்பிட்டுச் சொன்னார்கள். கப்ரால் அதை மறுத்தார். போட்டியின் முடிவு மாறவில்லை.

அதற்குப் பக்கத்தில் ஸ்ரீராம் முரளியின் படத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் மின்மினிகளை எடுத்து, 2023-இல் அதே போட்டியில் முதுகெலும்பற்ற உயிர்களின் நடத்தைக்கான பரிசை வென்றவர் அவர். ஒவ்வொன்றும் 19 விநாடி திறந்திருந்த 50 படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தார். கிட்டத்தட்ட 16 நிமிடக் காட்டிருள் ஒரே படமாயிற்று. மேலே வானம், கீழே மரங்கள், நடுவே ஆயிரக்கணக்கான மினுக்கல்கள். எந்தக் கணத்திலும் கண் அப்படி ஒரு காட்சியைப் பார்த்திருக்காது. ஆனாலும் அது மெய். ஒரே இடம், ஒரே இரவு, அங்கே நடந்ததைத் தவிர வேறெதுவும் சேரவில்லை. எப்படி எடுத்தது என்பதையும் எடுத்தவர் சொல்லிவிட்டார். சேர்ப்பதா வேண்டாமா என்பதைவிட, எதை எங்கிருந்து சேர்த்தோம் என்பதே என் அளவுகோல். மேட்டூரில் எடுத்த வானத்தை மோகனூர்க் காவிரிக்கு மேல் ஒட்டிவைப்பது இந்த அளவுகோலில் தேறாது. இரண்டும் ஒரே சுற்றுவட்டாரம்தானே என்ற சமாதானமும் செல்லாது.

சில உண்மைப் படங்களைப் பார்க்கிறவர்கள் நம்ப மறுப்பதும் உண்டு. நாமக்கல் கோட்டைப் பாறை சுமார் 65 மீட்டர் உயரம். நிலவின் வட்டம் வானத்தில் அரைப் பாகை அகலம். ஏழரைக் கிலோமீட்டர் தள்ளி நின்றால் பாறையின் உயரமும் அரைப் பாகையாகச் சுருங்கி, நிலவும் பாறையும் ஒரே அளவில் தெரியும். நீண்ட லென்ஸில் ஒரே சொடுக்கில் அதைப் பிடித்துவிடலாம். கோட்டைச் சுவருக்குப் பின்னால் பாறையளவு நிலவு எழும் அந்தப் படத்தைக் கணினி வேலை என்றே பலர் நினைப்பார்கள். எங்கே நின்று, எந்த லென்ஸில், எந்த நேரத்தில் எடுத்தது என்ற குறிப்பு கூடவே இருந்தால் யாரும் போய்ச் சரிபார்க்கலாம்.

இரவு வானத்தில் நம் சமவெளிக்கென்று ஒரு தனி வடிவியல் உண்டு. பால்வழியின் மையப்பகுதி வானநடுக்கோட்டுக்கு 29 பாகை தெற்கே இருக்கிறது. லண்டனில் அது உச்சத்தில்கூடத் தொடுவானத்துக்கு மேல் 10 பாகையைத் தொடாது. நாமக்கல்லில் 50 பாகை வரை ஏறும். குளிர்நாடுகளில் எழுதிய பாடங்களைப் படித்துவிட்டு வருகிறவர்கள் நிலத்தையும் பால்வழி மையத்தையும் ஒரே சட்டகத்தில் அடக்க முயன்று திணறுவது இதனால்தான். 20 மி.மீ. லென்ஸைக் கிடையாக வைத்தால் மேல்கீழாக 62 பாகைதான் கிடைக்கும். நிறுத்தி வைத்தால் 84 பாகை. ஆனி, ஆடியில் மையம் உச்சியேறும்போது கேமராவை நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். அந்த மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்றின் மேகமும் வந்துவிடும். நமக்கு வாய்ப்பான காலம் தையின் கடைசி முதல் சித்திரை வரை. அப்போது விடியலுக்குச் சில மணிநேரம் முன்பே, கிழக்கிலிருந்து 30 பாகை தெற்கே தள்ளி மையம் எழும். பால்வழி தாழ்வாக, சாய்ந்து, பனைவரிசைக்கும் கரட்டுக்கும் அருகில் நிற்கும். 500-ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் நட்சத்திரம் கோடாக இழுபடாமல் எத்தனை விநாடி திறக்கலாம் என்று ஓரளவு தெரியும், 20 மி.மீ.க்கு 25 விநாடி. துருவத்தை நோக்கினால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம், அங்கே நட்சத்திரங்கள் மெல்ல நகர்கின்றன.

அந்த விடியலுக்கு முந்தைய நேரத்தில் தொடுவானத்தில் இன்னொன்றும் தெரியும். முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணிநேர வெளிச்சம் கொடுப்பது பண்ணைத் தொழிலின் வழக்கம். நம் பகுதியின் பகல் ஆண்டு முழுவதும் பதினொன்றரைக்கும் பதின்மூன்றுக்கும் இடையில்தான். மீதியை விளக்குதான் ஈடுகட்ட வேண்டும். விடியலுக்கு முன்போ அந்திக்குப் பின்போ நீண்ட கொட்டகைகள் வரிசையாக ஒளிர்வது நாமக்கல் இரவின் அடையாளம். அதோடு நெடுஞ்சாலை விளக்குகள், லாரி பாடி கட்டும் பட்டறைகள், சேகோ ஃபேக்டரிகள். வானப் படம் எடுக்கிறவர்கள் இவற்றிலிருந்து தப்பி ஓடவே பார்க்கிறார்கள். அல்லது படத்தின் அடியை வெட்டிவிடுகிறார்கள். வெட்டக் கூடாது. அந்தக் கீழ்விளிம்பில்தான் நம் பகுதியின் வரலாறு பதிவாகிறது. பழைய சோடியம் விளக்கு தொடுவானத்தை ஆரஞ்சாக்கும். வெள்ளை எல்.ஈ.டி. வெளிறச் செய்யும்; அதிலுள்ள நீலம் காற்றில் அதிகமாகச் சிதறி மேலே பரவும். உலகை இரவில் படமெடுக்கும் விஐஐஆர்எஸ் என்ற செயற்கைக்கோள் கருவிக்கு 500 நானோமீட்டருக்குக் குறைந்த அந்த நீலம் தெரியாது. 2023-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் கண்ணால் எண்ணிச் சொன்ன நட்சத்திரங்களை வைத்து, வானம் ஆண்டுக்கு 9.6 சதவீதம் வெளுத்துவருவதாகக் கணக்கிட்டது. செயற்கைக்கோள் அளவுகள் காட்டியதைவிட அது பன்மடங்கு அதிகம். ஆனால் அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்து வந்தது. நம் பக்கத்து வானத்தைப் பற்றித் தரையில் நின்று சொல்ல ஆள் வேண்டும்.

கொல்லிமலையில் இது வெறும் ஆசையல்ல, நடைமுறைத் தேவை. அங்குள்ள அரியூர் சோலைக் காப்புக்காட்டில் இருள்வானப் பூங்கா அமைக்கத் தமிழ்நாடு அரசு 1 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஹன்லே 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது; மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 ஜனவரியில் சர்வதேச அங்கீகாரம் பெற்றது. ஹன்லேயைச் சுற்றிப் பாலைவனம், பெஞ்சைச் சுற்றிப் பெருங்காடு. கொல்லிமலையோ சமவெளியின் நடுவே 1000 மீட்டருக்கு மேல் எழுந்து தனியாக நிற்கிறது. மேற்கே நாமக்கல், வடமேற்கே ராசிபுரம், அதற்கப்பால் சேலம், தென்கிழக்கே துறையூர், இன்னும் தள்ளித் திருச்சி. பால்வழியின் மையம் எழுவது கிட்டத்தட்ட துறையூர்த் திசையில். அது ஏறி ஏறித் திருச்சியின் ஒளிக்கூம்பைத் தாண்டி முசிறிக்கு மேலாக உச்சிக்கு வர வேண்டும். மலைமேல் எத்தனை விளக்கை அணைத்தாலும் கீழே ஊர்களில் விளக்குகளுக்கு மூடி போடாமல், ஒளியைத் தரைநோக்கித் திருப்பாமல் அந்தத் தென்கிழக்கு வானம் தப்பாது. மலையில் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் சமவெளியின் வெளிச்சம் இருந்தால், அந்த வெளிச்சத்துக்குப் பொறுப்பானவர்களிடம் காட்டுவதற்கு அது ஒரு கையிருப்பு. ஜவ்வாது மலையின் காவலூரை வானியலாளர் வைணு பாப்பு 1960-களில் வானாய்வகத்துக்காகத் தேர்ந்தெடுத்ததற்கு இருளும், தென்வானமும் தெரியும் அட்சரேகையும் காரணங்கள். 1977-இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் அந்த ஆய்வகத்துக்கும் பங்குண்டு. இந்த வட்டாரத்து இருட்டுக்கு அறிவியலில் ஏற்கெனவே மதிப்பு இருக்கிறது.

சுற்றுப்புறத்தைக் காட்டுவதில் ஓர் ஆபத்தும் உண்டு, அதை மறைக்க முடியாது. படத்தில் இடம் தெளிவாகத் தெரிந்தால் வேட்டைக்காரருக்கும் தெரியும். தேவாங்குக்கென்று 2022-இல் நாட்டிலேயே முதன்முறையாக அறிவிக்கப்பட்ட கடவூர்ச் சரணாலயம் நாமக்கல்லுக்குத் தெற்கே, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் பரந்திருக்கிறது. சரணாலயத்துக்கு வெளியே, வேலியோர முள்மரங்களில் தேவாங்கைப் பார்க்கிறவர்கள் மரத்தையும் கிளையையும் காட்டட்டும்; அடையாளம் சொல்லும் கோயிலையும் கிணற்றையும் விலக்கட்டும்; கைப்பேசி தானே பதியும் இடக்குறியீட்டை நீக்கிவிட்டு வெளியிடட்டும். கொம்பன் ஆந்தையின் கூட்டுக்கும் இதே விதி. முன்னால் இருக்கும் மரத்துக்கு வெளிச்சம் வேண்டுமென்று டார்ச் அடிப்பதை நான் ஏற்கவில்லை. இருட்டுக்குப் பழகிய கண்ணை உடைய உயிர் எந்தக் கிளையில் இருக்கிறதென்று அடிப்பவருக்குத் தெரியாது. வளர்பிறை நான்காம், ஐந்தாம் நாள் நிலவே நிலத்தைப் போதுமான அளவு காட்டும். கூட்டின் முன்னால் மறைக்கும் கொப்பை ஒடிக்கிற பழக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தக் கொப்புதான் குஞ்சுக்கு வெயில்மறைப்பு, பருந்தின் கண்ணிலிருந்து காப்பு. சுற்றுப்புறத்தோடு எடுக்கப் பழகியவர்களுக்குக் கொப்பு இடைஞ்சலாகவே தோன்றாது.

இதை ஒரு தொடர்வேலையாகச் செய்ய முடியும். மாசி அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், வனத்துறையின் அனுமதி வேண்டிய இடமென்றால் அதைப் பெற்றுக்கொண்டு, கொல்லிமலையில் ஒரே பாறையில் நின்று நான்கு திசைக்கும் ஒவ்வொரு படம். 20 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 3200, 20 விநாடி. வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 4000 கெல்வினில் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் தொடுவானத்தின் நிறத்தை அடுத்த ஆண்டோடு ஒப்பிட முடியாது. அடியில் மூன்றில் ஒரு பங்கு நிலம் கட்டாயம். ஏரிகளுக்கு மார்கழியில் ஒன்று, சித்திரையில் ஒன்று, ஒரே மதகுக்கல்லில் நின்று, பறவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். பதப்படுத்தாத மூலக்கோப்போடு தேதி, நேரம், திசை, மேகம் பற்றிய குறிப்பையும் சேர்த்து, ஒரு பிரதியைச் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலோ நாமக்கல்லில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையிலோ ஒப்படைத்துவிடலாம்.